ஒரே சுவிட்சில் நான்கு விளக்குகள்: கம்பி எந்த வழியில் போக வேண்டும்?

வீட்டு முகப்பின் நடுவே ஒரு விளக்கு இருக்கிறது, வாசற்கதவை ஒட்டிய சுவிட்ச் போர்டில் அதற்கென்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதே சுவிட்சில் இன்னும் மூன்று எல்இடி விளக்குகளைச் சேர்த்து நான்கையும் ஒன்றாக எரியவிட வேண்டும். சுவிட்ச் தாங்குமா, கடைசி விளக்கு மங்குமா, முதல் விளக்கிலிருந்தே கம்பியை நீட்டிக்கொள்ளலாமா என்று கேட்கிறீர்கள். தாங்கும், மங்காது, நீட்டிக்கொள்ளலாம். ஆனால் இந்த வேலையை உண்மையில் கெடுப்பது உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்று, அதாவது மின்சாரம் திரும்பிச் செல்லும் நியூட்ரல் கம்பி. புதிய விளக்குக்கு மின்சாரத்தைக் கொண்டுவரும் பேஸ் கம்பி எங்கிருந்து வருகிறது என்று எல்லோரும் யோசிக்கிறார்கள். நியூட்ரலை மட்டும் கைக்கெட்டிய இடத்தில் எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே அடிப்படையைச் சொல்லிவிட்டு, பெரும்பகுதியை அதற்கே ஒதுக்குகிறேன்.

ஒரு ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு பக்கத்துச் சட்டம் சுவிட்சைக் கடந்து வரும் பேஸ் கம்பி, மறுபக்கத்துச் சட்டம் நியூட்ரல் கம்பி, குறுக்கே இருக்கும் ஒவ்வொரு படியும் ஒரு விளக்கு. எந்தப் படியில் நின்றாலும் இரண்டு சட்டங்களுக்கும் இடையே அதே 230 வோல்ட்தான் இருக்கும் என்பதால், படிகள் எத்தனை கூடினாலும் எந்த விளக்கின் ஒளியும் குறைவதில்லை. ஒரு படி உடைந்து விழுந்தாலும் மற்றவை அப்படியே நிற்கும். பள்ளிப் பாடத்தில் பக்க இணைப்பு என்று படித்தது இதுதான், வீட்டு மின்சாரத்தில் எல்லா விளக்குகளும் இப்படித்தான் இணைக்கப்படுகின்றன.

இதற்கு மாறாக, விளக்குக்குப் போகும் ஒரு கம்பியை நடுவில் வெட்டி, அந்த இடைவெளியில் அடுத்த விளக்கைச் செருகினால் அது தொடர் இணைப்பு. கோயில் திருவிழாவில் தொங்கும் பழைய சீரியல் செட்டுகள் அப்படிப்பட்டவை. அதன் விளைவைக் கண்ணால் பார்க்க விரும்புவோருக்குப் பழைய குண்டு பல்புகளே நல்ல ஆசிரியர்கள். 60 வாட் பல்பு எரியும்போது அதன் மின்தடை ஏறத்தாழ 882 ஓம், 100 வாட் பல்புக்கு 529 ஓம். இரண்டையும் தொடராக இணைத்து 230 வோல்ட் கொடுத்தால், 60 வாட் பல்பின் பங்குக்கு 140 வோல்ட்டுக்குச் சற்று மேலும், 100 வாட் பல்புக்குச் சுமார் 86 வோல்ட்டும் கிடைக்கும். கணக்குப்படி சிறிய பல்பு 23 வாட் அளவிலும் பெரியது 14 வாட் அளவிலும் எரியும், அதாவது 100 என்று எழுதியிருப்பது 60 என்று எழுதியிருப்பதைவிட மங்கலாக இருக்கும். இழை முழுச் சூடு ஏறாததால் எண்கள் கொஞ்சம் மாறுமே தவிர, காட்சி மாறாது. எல்இடி விளக்குகளைத் தொடராக இணைத்தால் இதுவும் நடக்காது. உள்ளே மின்சாரத்தை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றித்தரும் டிரைவர்கள் என்ற சிறு மின்னணுச் சுற்றுகள் தமக்குள் இழுபறி செய்து, ஒன்று மின்னும், ஒன்று அணையும், சில சமயம் இரண்டுமே விட்டுவிட்டு எரியும். அப்படி ஓர் அறிகுறியைக் கண்டால் விளக்கைக் கடையில் கொடுத்து மாற்றுவதற்கு முன் இணைப்பைப் பார்க்க வேண்டும்.

சுமைக்கு வருவோம். 9 வாட் விளக்குகள் நான்கு என்றால் மொத்தம் 36 வாட், 230 ஆல் வகுத்தால் 0.16 ஆம்பியர். விலை மலிவான விளக்குகளில் மின்திறன் காரணி (இழுக்கும் மின்னோட்டத்தில் பயன்படும் பங்கு) 0.5 அளவுக்கு இறங்கிவிடுவதும் உண்டு என்பதால் இரட்டிப்பாக்கினாலும் 0.32 ஆம்பியர்தான். வீட்டுச் சாதாரண சுவிட்ச் 6 ஆம்பியருக்கானது, புதிய மாடுலர் வகைகளில் பல 10 ஆம்பியருக்கானவை. ஒரு காலத்தில் சோக்குடன் சேர்த்து 50 வாட்டுக்கு மேல் இழுத்த டியூப் லைட் ஒன்றை இயக்கிய அதே சுவிட்சுக்கு இந்த நான்கும் ஒரு பொருட்டே அல்ல. விளக்குச் சுற்றொன்றில் விளக்கு, மின்விசிறி, சிறிய பிளக் எல்லாம் சேர்த்துப் 10 பாயிண்ட் அல்லது 800 வாட் என்பது இந்தியத் தரநிலை ஐஎஸ் 732 வழியாக நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் வரம்பு. எல்இடி வந்தபின் வாட் கணக்கு எட்டாத தொலைவுக்குப் போய்விட்டது, பாயிண்ட் எண்ணிக்கைதான் முதலில் முட்டும்.

ஓர் எச்சரிக்கை மட்டும் உண்டு. எல்இடி டிரைவரின் உள்ளே இருக்கும் மின்தேக்கி, சுவிட்சைப் போடும் கணத்தில், நொடியின் மிகச் சிறு பகுதிக்குத் தன் வழக்கமான மின்னோட்டத்தைப் போலப் பல மடங்கு இழுக்கும். நான்கு விளக்குகளுக்கு இது பொருட்டல்ல. கல்யாண மண்டபம் போல முப்பது டவுன்லைட்டுகளை ஒரே சுவிட்சில் கட்டினால், வாட் கணக்கு சரியாக இருந்தும் சுவிட்சின் தொடுமுனை நாளடைவில் கருகிப்போவதற்கு இதுவே காரணம்.

கடைசி விளக்கு மங்குமா என்ற கேள்விக்கும் கணக்கே பதில் சொல்லும். 1.5 சதுர மி.மீ. பல இழைத் தாமிரக் கம்பியின் மின்தடை கிலோமீட்டருக்குச் சுமார் 13 ஓம். சுவிட்சிலிருந்து கடைசி விளக்கு 20 மீட்டர் தள்ளி இருந்தால், போக வர 40 மீட்டருக்கு அரை ஓமுக்குச் சற்று மேல் வரும். நான்கு விளக்குகளின் மின்னோட்டமும் கடைசி வரை போவதாக வைத்துக்கொண்டாலும் வீழ்ச்சி கால் வோல்ட்டைத் தொடாது. அதனால் வயர் வாங்கும்போது தடிமனுக்காகக் கவலைப்பட வேண்டியதில்லை, 1.5 சதுர மி.மீ. கம்பியில் வயருக்கான இந்தியத் தரநிலை எண்ணான ஐஎஸ் 694 என்று அச்சிட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மின்னோட்டம் வரம்பு மீறினால் தானே துண்டித்து இந்தச் சுற்றைக் காக்கும் எம்சிபி 6 அல்லது 10 ஆம்பியராக இருக்க வேண்டும், ஏனென்றால் எம்சிபி காப்பாற்றுவது விளக்கை அல்ல, சுவருக்குள் ஓடும் கம்பியை. அடிக்கடி விழுகிறது என்று யாரோ 20 ஆம்பியர் மாட்டிவிட்டுப் போயிருந்தால், புதிய விளக்குகளுக்கு முன் அதைச் சரிசெய்யுங்கள்.

இனிக் கம்பியின் பாதை. நம் ஊர்களில் சுவருக்குள்ளும் தளத்துக்குள்ளும் பைப் பதித்து வயர் இழுக்கும் வீடுகளில், பேஸ் முதலில் சுவிட்ச் போர்டுக்கு வரும், அங்கே ஒவ்வொரு சுவிட்சுக்கும் லூப் போட்டிருப்பார்கள். நியூட்ரலும் போர்டு வரை வந்து, அங்கிருந்து சுவிட்சின் வெளிமுனைக் கம்பியோடு சேர்ந்து பைப் வழியாக மேலே விளக்குக்குப் போகும். ஆகவே உங்கள் முதல் விளக்கின் பெட்டியைத் திறந்தால், சுவிட்சைக் கடந்து வந்த பேஸ், நியூட்ரல், ஒழுங்காகச் செய்த வீடாக இருந்தால் பச்சை நிற எர்த், இந்த மூன்றும் இருக்கும். அடுத்த விளக்குக்குத் தேவையானதும் இதே மூன்றுதான். முதல் பெட்டியிலிருந்து இரண்டாவதற்கு, இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்கு என்று இவற்றை நீட்டிக்கொண்டே போகலாம். நான்கு விளக்குகளும் ஒரே வரிசையில் இருக்கும் முகப்புக்கு இந்த முறையே ஏற்றது. வயரும் குறைவு, சுவர் கொத்தும் வேலையும் குறைவு. விளக்குகள் வெவ்வேறு திசைகளில் சிதறியிருந்தால், நடுவில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வைத்து அங்கிருந்து தனித்தனியாகப் பிரிப்பது நல்லது. மின்சாரத்தைப் பொறுத்தவரை இரண்டும் அதே ஏணிதான். பின்னாளில் ஒரு விளக்கு எரியாமல் போனால், வரிசையாக நீட்டிய முறையில் எரிகிற கடைசி விளக்குக்கும் எரியாத முதல் விளக்குக்கும் இடையே பழுதைத் தேடலாம் என்பது ஒரு வசதி.

நான்கையும் ஒரே சுவிட்சில் வைப்பதாக இன்று முடிவு செய்திருந்தாலும், பைப்பில் வயர் இழுக்கும்போது சுவிட்ச் போர்டிலிருந்து ஒரு பேஸ் கம்பியைக் கூடுதலாக இழுத்து, இரு முனைகளையும் காப்புப் போட்டுப் பெட்டிக்குள் மடித்து வைத்துவிடச் சொல்வேன். இரவு முழுவதும் எரிவதற்கு இரண்டு விளக்குகள் போதும் என்று வீட்டில் யாராவது ஆறு மாதம் கழித்துச் சொல்வார்கள், அப்போது போர்டில் ஒரு சுவிட்சைச் சேர்த்தால் வேலை முடிந்துவிடும்.

இப்போது நியூட்ரல். மாடி வீடு ஒன்றில் நானே பார்த்தது. கீழ்த்தளத்துக்கு ஓர் ஆர்சிசிபி (மின்கசிவைக் கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி), மாடிக்கு ஓர் ஆர்சிசிபி என்று டிபியில், அதாவது வீட்டின் மின் பகிர்வுப் பெட்டியில், முறையாகப் பிரித்திருந்தார்கள். முகப்பில் புதிதாக விளக்குகள் போட வந்தவர், பேஸைக் கீழ்த்தளச் சுவிட்ச் போர்டிலிருந்து சரியாகவே எடுத்தார். கடைசி விளக்குக்கு நியூட்ரல் கம்பி எட்டவில்லை. பக்கத்தில் மாடிச் சுற்றைச் சேர்ந்த மாடிப்படி விளக்கின் பெட்டி இருந்தது, அதிலிருந்த கறுப்புக் கம்பியில் முறுக்கிவிட்டார். நியூட்ரல் எங்கே எடுத்தாலும் நியூட்ரல்தானே என்பது அவர் எண்ணம். மாலையில் சுவிட்சைப் போட்டதும் கீழ்த்தளம் முழுவதும் இருண்டது. விளக்கு பழுது என்று இரண்டு முறை மாற்றினார்கள், பிறகு ஆர்சிசிபி பழுது என்று அதையும் மாற்றினார்கள், இருட்டு மட்டும் மாறவில்லை.

நடந்தது இதுதான். ஆர்சிசிபி, தன் வழியாகப் போகும் பேஸ் மின்னோட்டத்தையும் தன் வழியாகத் திரும்பும் நியூட்ரல் மின்னோட்டத்தையும் ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். வீடுகளில் மாட்டும் வகை, வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் விழுந்துவிட வேண்டும். 15ஐத் தாண்டினாலே விழலாம். 9 வாட் விளக்கு ஒன்றுக்கு ஏறத்தாழ 40 மில்லி ஆம்பியர். கீழ்த்தள ஆர்சிசிபி வழியாகப் போன அந்த 40 மில்லி ஆம்பியர் மாடியின் ஆர்சிசிபி வழியாகத் திரும்பியதால், கீழே இருந்த கருவிக்கு அது யாரோ ஒருவரின் உடல் வழியாகத் தரைக்குப் போகும் மின்கசிவாகவே தெரிந்தது, தன் வேலையை அது சரியாகச் செய்தது. 5 வாட் விளக்காக இருந்திருந்தால் 22 மில்லி ஆம்பியர்தான். சில நாள் நின்றிருக்கும், சில நாள் விழுந்திருக்கும், பழுதைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினமாகியிருக்கும்.

ஆர்சிசிபி இல்லாத வீட்டில் இதே தவறு சத்தமில்லாமல் இருக்கும், அதுதான் மோசம். கீழ்த்தள எம்சிபியை அணைத்துவிட்டு, முகப்பு விளக்கில் மின்சாரம் இல்லை என்ற நம்பிக்கையில் ஒருவர் அந்த நியூட்ரல் முறுக்கைப் பிரித்தால், மாடியில் எரியும் விளக்கின் வழியாக வரும் மின்சாரம் அந்தக் கம்பியின் அறுந்த முனையில் 230 வோல்ட்டாக நிற்கும். கறுப்புக் கம்பிதானே என்று வெறுங்கையால் பிடிப்பவருக்கு அது உயிராபத்து. ஆகவே பேஸ் எந்தச் சுற்றிலிருந்து வருகிறதோ, நியூட்ரலும் அதே சுற்றிலிருந்துதான் வர வேண்டும், கூடுமானவரை அதே பைப்பில் பக்கத்திலேயே வர வேண்டும். இன்வெர்ட்டர் இருக்கும் வீடுகளில் இன்வெர்ட்டர் சுற்றும் சாதாரணச் சுற்றும் ஒரே பெட்டியில் அருகருகே கிடக்கும் என்பதால், இந்தக் கலப்பு இன்னும் எளிதாக நேர்ந்துவிடுகிறது. நியூட்ரல் எட்டவில்லை என்றால் இன்னும் 4 மீட்டர் வயர் வாங்குவதே சரியான தீர்வு.

நியூட்ரல் தொடர்பாக இன்னொரு தவறும் உண்டு. சுவிட்ச் எப்போதும் பேஸைத்தான் துண்டிக்க வேண்டும். மாறி நியூட்ரலைத் துண்டித்தாலும் விளக்கு எரியும், அணையும். குண்டு பல்பு காலத்தில் யாருக்கும் தெரியாமலே பல வீடுகள் இப்படி ஓடியிருக்கின்றன. எல்இடி அதைக் காட்டிக்கொடுத்துவிட்டது. சுவிட்சை அணைத்த பிறகும் விளக்குக்குள் பேஸ் நின்றுகொண்டிருப்பதால், ஈரச் சுவர், பக்கத்துக் கம்பி என்று கிடைத்த வழியில் துளித்துளியாகக் கசியும் மின்னோட்டமே எல்இடியை மங்கலாக ஒளிரவைக்கப் போதும். இரவில் மின்மினி போல முணுக்கென்று எரிகிறது என்று சொல்பவர்கள் முதலில் இதைச் சோதிக்க வேண்டும். இணைப்பு சரியாக இருந்தும் அப்படி எரிந்தால், சுவிட்சில் இருக்கும் சிறிய நியான் காட்டி விளக்கின் வழியே வரும் மின்னோட்டம் காரணமாக இருக்கலாம். காட்டி இல்லாத சுவிட்சாக மாற்றினால் நின்றுவிடும்.

இணைப்புகளைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கறாரானது. விளக்குச் சுற்றில் நான் பார்த்த கருகல்களில் பெரும்பாலானவை சுமையால் வந்தவை அல்ல, தளர்ந்த முறுக்கால் வந்தவை. காப்பைப் பல்லால் கடித்து உரிக்கும் பழக்கத்தில் இழைகளில் பாதி அறுந்துபோகும். மீதியை அரைச் சுற்று முறுக்கி, டேப்பை ஒரு சுற்றுச் சுற்றி மேலே தள்ளிவிடுவார்கள். சித்திரை வெயிலில் தளத்தின் சூட்டுக்கு டேப்பின் பசை உருகி வழிந்து, இரண்டு வருடத்தில் தானே பிரிந்து தொங்கும். முறுக்குவதாக இருந்தால் ஒரு அங்குலம் உரித்து, இழைகளைச் சேர்த்துப் பிடித்து, இடுக்கியால் ஐந்தாறு சுற்று இறுக முறுக்கி, டேப்பை இழுத்துப் பிடித்தபடி காப்பின் மேல் தொடங்கி மறுபக்கத்துக் காப்பின் மேல் முடியும்படி இரண்டு அடுக்கு சுற்ற வேண்டும். திருகு கனெக்டரோ நெம்பு வைத்த கனெக்டரோ பயன்படுத்துவது இதைவிட நல்லது, செலவும் பெரிதல்ல. எந்த இணைப்பும் பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும், பைப்புக்குள் ஒருபோதும் கூடாது. சுவிட்சின் ஒரே திருகில் மூன்று கம்பிகளைத் திணிப்பதும் கூடாது. உங்கள் அமைப்பில் அதற்குத் தேவையே இல்லை, ஏனென்றால் சுவிட்சில் புதிதாக எந்தக் கம்பியும் சேரவில்லை, சேர்வதெல்லாம் முதல் விளக்கின் பெட்டியில்தான்.

உலோக உடல் கொண்ட விளக்குகளுக்கு எர்த் கட்டாயம். பச்சைக் கம்பியை ஒரு விளக்கின் உடலுக்குக் கொண்டுபோய் அங்கிருந்து அடுத்ததற்கு எடுக்காமல், பெட்டிக்குள்ளேயே தொடர்ச்சியாக இணைத்து ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு கிளை விடுங்கள். பழுது பார்க்க ஒரு விளக்கைக் கழற்றும்போது மற்றவற்றின் எர்த் அறுந்துவிடக் கூடாது. முகப்பில் சாரல் அடிக்கும் இடத்தில் இருக்கும் விளக்குக்கு தூசியும் நீர்த்தாரையும் உள்ளே புகாது என்பதைக் காட்டும் ஐபி 65 என்ற குறி இருப்பதாகப் பார்த்து வாங்கவும். கம்பி நுழையும் துளையைக் கீழ்ப்பக்கமாக வைத்தால் மழைநீர் வயரைப் பிடித்துக்கொண்டே உள்ளே இறங்காது.

மாடிப்படி போல மேலும் கீழும் இரண்டு இடங்களிலிருந்து போட்டு அணைக்க வேண்டுமென்றால் டூவே சுவிட்சுகள் இரண்டும், அவற்றுக்கு நடுவே இரண்டு கம்பிகளும் வேண்டும். இரண்டாவது சுவிட்சைக் கடந்தபின் விளக்குகளின் ஏணி மாறாது.

வேலையை யார் செய்வது என்பதற்குச் சட்டமே பதில் வைத்திருக்கிறது. மின் பாதுகாப்பு விதிகளின்படி பல்பு, மின்விசிறி, ஃப்யூஸ், சுவிட்ச் போன்றவற்றை அதே திறனில் மாற்றிக்கொள்வதற்குத் தடையில்லை. புதிய பாயிண்ட் சேர்ப்பது போன்ற கூடுதல் வேலைகளை மாநில அரசின் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் வழியாக, தகுதிச் சான்று உள்ளவரின் நேரடி மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். நீங்கள் கேட்டிருப்பது இரண்டாவது வகை. இவ்வளவையும் நான் எழுதியது, வருபவரிடம் என்ன கேட்க வேண்டும், எதைத் திறந்து காட்டச் சொல்ல வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக. அவர் பெட்டியைத் திறக்கும் முன் மெயினை மட்டுமல்ல, இன்வெர்ட்டரையும் அணைத்தாரா என்று நீங்களே பாருங்கள். மெயின் விழுந்தால் மின்வெட்டு என்று நினைத்து இன்வெர்ட்டர் தானே மின்சாரம் கொடுக்கத் தொடங்கிவிடும். டெஸ்டரை முதலில் உயிருள்ள ஒரு பிளக்கில் வைத்து அது ஒளிர்வதைப் பார்த்துவிட்டு, பிறகு வேலை செய்யும் இடத்தில் வைக்க வேண்டும். செத்துப்போன டெஸ்டரும் மின்சாரம் இல்லை என்றுதான் சொல்லும்.

வேலை முடிந்ததும் பணம் கொடுப்பதற்கு முன் மூன்றைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். நான்கும் எரியும்போது ஏதாவது ஒன்றைக் கழற்றினால் மற்ற மூன்றும் அசையாமல் எரிய வேண்டும். சுவிட்சை அணைத்துவிட்டு ஒரு விளக்கின் இரண்டு முனைகளிலும் டெஸ்டரை வைத்தால் இரண்டிலும் ஒளி வரக் கூடாது. வந்தால் சுவிட்ச் நியூட்ரலில் உட்கார்ந்திருக்க வாய்ப்புண்டு, பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு மாடிச் சுற்றின் எம்சிபியை மட்டுமின்றி அதன் ஆர்சிசிபியையும் அணைத்துவிட்டு முகப்பு விளக்குகளைப் போடுங்கள். ஆர்சிசிபி பேஸையும் நியூட்ரலையும் சேர்த்தே துண்டிக்கும் என்பதால், நான்கில் ஒன்று எரியாவிட்டாலும் அதன் நியூட்ரல் மாடியிலிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும், ஏணியை அங்கேயே நிறுத்திப் பெட்டியைத் திறக்கச் சொல்லலாம்.